நம்ம ஊரை ஆண்டது யார்? கோல குபு பாரு முதல் தோட்டத்துக் கோயில் வரை



கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா வாசிங்க. வீட்டில் பெரியவங்க இருந்தால் அவங்களுக்கும் வாசித்துக் காட்டுங்க. விட்டுப்போனதை அவங்க சொல்லுவாங்க.

கோயில் தொண்டுக்கு வரும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. "நாம ஓட்டுப் போட்டது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும்தானே? சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, கடை லைசென்ஸ் இதையெல்லாம் பார்க்கிற நகராண்மைக் கழக உறுப்பினரை யார் தேர்ந்தெடுத்தாங்க?" நல்ல கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்லலாம்: நாம யாரும் தேர்ந்தெடுக்கலை. ஏன் என்று சொல்லப் போனால் நூற்று நாற்பது வருஷக் கதை இருக்கு. நம் உலு சிலாங்கூர் மாவட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

தண்ணீரில் போன ஊர்

கோல குபு பாரு என்ற பெயரில் கடைசியில் நிற்கும் "பாரு" என்றால் புதுசு. அப்படியென்றால் பழைய கோல குபு ஒன்று இருந்திருக்க வேண்டும் இல்லையா? இருந்தது. ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். பக்கத்தில் பழைய அணை ஒன்று இருந்தது. 1883-இல் அந்த அணை உடைந்தது. ஊருக்குள் வெள்ளம் பாய்ந்து பலர் இறந்தார்கள். மாவட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைக்கார அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் போய்விட்டார். ஆற்றைக் காத்து வந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊர்க்கதை ஒன்று உண்டு. அந்தப் பக்கத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா என்றுதான் பெயர். உடைந்த அணை என்று அர்த்தம்.

அதோடு ஊர் ஓய்ந்துவிடவில்லை. மேலே மலைப் பக்கம் ஈயம் தோண்டத் தோண்ட, கழுவிய மண்ணும் மணலும் சிலாங்கூர் ஆற்றில் வந்து படிந்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்தது. ஆறு உயர்ந்தால் ஊர் பள்ளமாகிவிடும். மழை பெய்தால் வெள்ளம் என்ற நிலை வந்தது. கடைசியில் அரசாங்கம் ஊரையே இடம் மாற்ற முடிவு செய்தது.

புது ஊருக்குப் படம் வரைந்தவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்தவர், ஆஸ்திரேலியாவில் நகர அமைப்பு வேலை பார்த்தவர். 1921-இல் இங்கே வந்து, கூட்டு மலாய் மாநிலங்களின் நகர அமைப்பு அதிகாரியாக இருந்தார். தோட்ட நகரம் என்ற கொள்கைப்படி, கடைத்தெரு ஒரு பக்கம், அரசாங்க அலுவலகங்களும் அதிகாரிகளின் வீடுகளும் இன்னொரு பக்கம், இடையிடையே பசுமை என்று அமைத்தார். 1930-களின் தொடக்கத்தில் பழைய ஊர் கைவிடப்பட்டது. இன்று கோல குபு பாருவுக்குப் போகிறவர்கள் "எவ்வளவு அமைதியான ஊர்!" என்று சொல்வதற்குக் காரணம் அந்தத் திட்டம்தான். அதைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் ஒன்றைக் கவனிங்க. சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தது அரசாங்கம். மண் வந்து ஊரை மூடியபோது ஊரை மாற்றியதும் அரசாங்கம். இந்த இரண்டு முடிவிலும் அந்த ஊரில் கடை வைத்திருந்தவருக்கோ, ரயில்பாதையில் வேலை செய்தவருக்கோ ஓட்டு என்று ஒன்று கிடையாது.

சானிட்டரி போர்டு காலம்

அப்போது சின்ன ஊர்களைக் கவனித்தது சானிட்டரி போர்டு. கோலாலம்பூரில் 1890-இல் தொடங்கியது, பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. பெயரே சொல்கிறது, சுகாதாரம்தான் முதல் வேலை. சாக்கடை, மலம் அள்ளுவது, சந்தை, தெருவிளக்கு, கட்டட அனுமதி இதெல்லாம் அவர்கள் கையில். மாவட்டங்களில் மாவட்ட அதிகாரிதான் தலைவர். உறுப்பினர்கள் எல்லாம் நியமனம். நகரத்தில் பெரிய வியாபாரிகள் சிலரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். 1930-களில் பெயர் டவுன் போர்டு என்று மாறியது. நியமனம் மட்டும் மாறவில்லை.

இதில் நம்மவர்கள் எங்கே இருந்தார்கள்? கூட்ட அறையில் அநேகமாக இல்லை. தெருவில் இருந்தார்கள். கூட்டியது, அள்ளியது, தார் ஊற்றியது, தண்டவாளம் போட்டது பெரும்பாலும் தமிழன், தெலுங்கன் கைதான். ஊரை நடத்திய கை அது. ஊரை ஆண்டது வேறு கை.

தோட்டம் என்ற தனி ராஜ்யம்

நம் ஆட்களில் பெரும்பாலோர் டவுனில்கூட இல்லை, ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். தோட்டத்துக்குள் சானிட்டரி போர்டும் வராது, டவுன் போர்டும் வராது. அது தனியார் நிலம். அங்கே அரசாங்கம் என்றால் பெரிய துரை. அவருக்குக் கீழே கிராணி, கங்காணி. வீடு அவருடையது, தண்ணீர் அவருடையது, ரோடு அவருடையது, ஆஸ்பத்திரி அவருடையது. விடியுமுன் பிரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்று சொன்னது. இன்று நாம் பெருமையாகப் பேசும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கு. ஆனால் அந்தப் பள்ளிக்கு வாத்தியாராக யார் வருவது, எந்தக் கொட்டகையில் நடத்துவது என்பதைத் தோட்ட நிர்வாகம்தான் முடிவு செய்தது.

தோட்டம் எவ்வளவு தூரம் தனி ராஜ்யமாக இருந்தது என்று தெரிய வேண்டுமானால், 1941-இல் நம் சிலாங்கூரிலேயே, கிள்ளான் வட்டாரத்தில் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பாருங்க. ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. சொந்தக்காரரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்து போக வேண்டும். கூட்டம் போடவும் பேசவும் உரிமை வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

சைக்கிள் ஓட்டுவதற்கு! இதைப் படிக்கும் பிள்ளைகள் ஒரு நிமிஷம் யோசிங்க. மாமன் மச்சான் வீட்டுக்கு வந்து போவதும், சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதும் போராடிக் கேட்க வேண்டிய விஷயமாக இருந்தது. அந்தப் போராட்டத்தை அடக்க ராணுவம் வந்தது, சுட்டார்கள், உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கோயில்தான் நம்ம மன்றம்

இப்படிப்பட்ட இடத்தில் தொழிலாளி தானே முடிவு செய்ய முடிந்த விஷயம் ஒன்றிரண்டுதான். அதில் முக்கியமானது கோயில்.

மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் வைத்து ஆரம்பித்தது. மாரியம்மன், முனீஸ்வரன், மதுரைவீரன், முருகன். பிறகு தகரக் கொட்டகை. பிறகு செங்கல். திருவிழாவுக்கு ஆளுக்கு ஒரு நாள் கூலி, அல்லது மாதா மாதம் சம்பளத்தில் சின்னப் பிடித்தம். அந்தக் காசுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். யார் உபயம் எந்த நாள், கரகம் யார் எடுப்பது, சாமி எந்த லயத்து வழியாக முதலில் வரும் என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். கை தூக்கினார்கள். சண்டை போட்டார்கள். கணக்குக் கேட்டார்கள்.

கோயில் கமிட்டி சாமி காரியத்தோடு நிற்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன் தகராறு, சாவு வீட்டுச் செலவு, கல்யாணத்துக்குப் பந்தல், பள்ளிக்கூடத்துக்குப் பலகை, மழையில் அடித்துப்போன பாதைக்கு மண் போடுவது எல்லாம் அங்கேதான் வரும். டவுன்காரனுக்கு டவுன் போர்டு என்றால், தோட்டத்தானுக்குக் கோயில் கமிட்டி. ஒரு வித்தியாசம். டவுன் போர்டு நியமனம், கோயில் கமிட்டி கை தூக்கித் தேர்ந்தெடுத்தது.

அது குறையில்லாத ஆட்சி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கங்காணி சொன்னதே தீர்ப்பு என்று இருந்த தோட்டங்கள் உண்டு. சாதி பார்த்துப் பொறுப்பு கொடுத்த கோயில்கள் உண்டு. பெண்களும் பால்மரம் வெட்டினார்கள், அவர்கள் கூலியிலும் கோயில் வரி போனது, ஆனால் கூட்டத்தில் அவர்கள் குரல் கேட்டது அபூர்வம். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. இருந்தாலும், தன் காசுக்குக் கணக்குக் கேட்கலாம், பிடிக்காத தலைவரை மாற்றலாம் என்ற பழக்கம் நம் மக்களுக்கு அங்கேதான் வந்தது.

ஓட்டு வந்த பதினான்கு வருஷம்

போருக்குப் பிறகு நாட்டில் மாற்றம் வந்தது. 1950-இல் ஊராட்சித் தேர்தலுக்கான சட்டம் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனில் முதல் நகராண்மைத் தேர்தல், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரில். நாடாளுமன்றத் தேர்தல் 1955-இல்தான் வந்தது. ஆக மலாயா மக்கள் ஓட்டுப் போடக் கற்றுக்கொண்டதே ஊராட்சித் தேர்தலில்தான். 1957-இல் ஜார்ஜ்டவுன் மாநகரமானபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் டி.எஸ். இராமநாதன். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சின்ன ஊர்களுக்கும் அது வந்தது. அவசரகாலத்தில், காட்டோரம் சிதறியிருந்த மக்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். நம் உலு சிலாங்கூரிலும் அப்படி உருவானவை உண்டு. பெரும்பாலும் சீனர்கள், சில இடங்களில் நம்மவர்களும். கட்டாயமாகக் குடியேற்றப்பட்ட அந்த மக்களுக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூர் மன்றம் வைத்துக்கொள்ள வழி கொடுத்தது. தாங்களே ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்து, வரி வசூலித்து, சாக்கடை கட்டி, சந்தை நடத்தினார்கள். 1960-களில் மேற்கு மலேசியாவில் மொத்தம் 374 ஊராட்சி அமைப்புகள். அதில் 289, இந்த மாதிரிச் சின்ன உள்ளூர் மன்றங்கள். ஒரு சாலை, இரண்டு வரிசைக் கடை உள்ள ஊருக்குக்கூட மன்றம் இருந்தது.

அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு? அவசரகாலத்தில் தோட்ட லயங்களையும் வேலி போட்டு ஒன்றாகச் சேர்த்தார்கள். வேலி வந்தது, மன்றம் வரவில்லை. தோட்டம் தனியார் நிலமாகவே இருந்தது.

ஆதி நாகப்பன் சொன்னது

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் இருந்த மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றார்கள். அதே காலத்தில் சில நகராண்மைகள் மீது முறைகேடு புகார்களும் இருந்தன. ஊராட்சி எப்படி நடக்கிறது என்று ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தமிழ் நேசன் ஆசிரியராக இருந்தவர், வழக்கறிஞர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர்.

ஆணையம் 1968 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் இருந்ததை அது மறைக்கவில்லை. குறைகள் இருந்தாலும், நியமன மன்றத்தைவிடத் தேர்ந்தெடுத்த மன்றமே மேல் என்பதுதான் அதன் முடிவு. இவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

மோதல் 1966-லேயே முடிந்துவிட்டது. தேர்தல் திரும்பவில்லை. 1976-இல் ஊராட்சிச் சட்டம் வந்தபோது, அதன் 15-ஆவது பிரிவு தேர்தலையே எடுத்துவிட்டது. சின்ன மன்றங்களை எல்லாம் சேர்த்துப் பெரிய மாவட்ட மன்றங்களாக ஆக்கினார்கள். சேர்த்ததற்கு நியாயம் இருந்தது. பல சின்ன மன்றங்களிடம் காசும் இல்லை, படித்த அதிகாரிகளும் இல்லை. பெரிய மன்றம் என்றால் லாரி வாங்கலாம், பொறியாளரை வைக்கலாம். நல்லதுதான். ஆனால் லாரி வந்த அதே வழியாக ஓட்டு போய்விட்டது.

2012-இல் பினாங்கு மாநிலம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

இன்றைக்கு நம்ம நிலை

உலு சிலாங்கூர், பரப்பளவில் சிலாங்கூரின் மிகப் பெரிய மாவட்டம். இவ்வளவுக்கும் ஒரே மன்றம். 2021-இல் அது நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. சட்டப்படி ஒரு மன்றத்தில் குறைந்தது 8, அதிகம் 24 உறுப்பினர்கள். மாநில அரசு நியமிக்கும், ஒரு நியமனம் மூன்று வருஷத்துக்கு மேல் போகாது. மாநிலத்தில் இந்திய சமூகத் தலைவர்கள் என்றும் நியமிக்கிறார்கள். நன்றாக உழைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறோம். ஆனால் அவர்களுக்குப் பொறுப்பு கொடுப்பது நாம் இல்லை, எடுப்பதும் நாம் இல்லை.

இதற்கு நடுவில் தோட்டங்கள் ஒன்றொன்றாகக் கை மாறின. எண்ணெய்ப்பனை, பிறகு வீடமைப்பு. நம் மக்கள் தாமானுக்கு வந்தார்கள். இப்போது நாமும் வீட்டு வரி கட்டுகிறோம். முதல் தடவையாக ஊராட்சி நம் வாசல் வரைக்கும் வந்திருக்கு. ஆனால் அது தேர்தல் இல்லாத ஊராட்சி.

அப்போ நம் கையில் ஒன்றுமே இல்லையா? இரண்டு இருக்கு.

ஒன்று, அதே 1976 சட்டத்தின் 23-ஆவது பிரிவு. மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது. குறிப்பிட்ட ஒரு கூட்டத்தை மூடியதாக நடத்த மன்றமே தீர்மானம் போட்டால்தான் கதவு மூடும். குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது, முழு மன்றக் கூட்டத்துக்குப் பொருந்தும். போய் உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது, ஆனால் யார் பேசுகிறார், யார் வாயே திறக்கவில்லை என்று பார்க்கலாம். வாட்சாப்பில் "சாக்கடை அடைச்சிருக்கு" என்று நாற்பது தடவை அனுப்புவதைவிட நான்கு பேர் நேரில் போய் உட்கார்வது பெரிசு.

இரண்டாவது, நம் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம். இது 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் வருவது. பதிவு பெற்ற ஆலயம் பொதுக்கூட்டம் நடத்தி, அதற்குப் பின் 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் சங்கப் பதிவு இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அது வெறும் பாரம் நிரப்புவது என்று நினைக்காதீங்க. அன்று தோட்டத்தில் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து "காசு எங்கே?" என்று கேட்டார்களே, அதனுடைய தொடர்ச்சி அது. நம் ஊரில் நமக்கு மிச்சம் இருக்கும் தேர்தல் அது ஒன்றுதான்.

ஏன் இப்போது இதை எழுதுகிறோம்

விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். நம் கோயில் நிற்கும் நிலம் கோயில் பெயரில் இல்லை. தோட்டக் காலத்தில் துரை வாய் வார்த்தையாகக் கொடுத்த இடம். தோட்டம் கை மாறிய பிறகு, இப்போதைய உரிமையாளர் தரப்பிலிருந்து கடிதம் வந்திருக்கு. மாற்று நிலம் தருகிறோம், கோயிலை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

ஒத்துக்கொள்வதா, வேண்டாமா? ஒத்துக்கொண்டால் புது நிலத்துக்கு ஆலயத்தின் பெயரில் நிலப்பட்டா வருமா? கட்டட அனுமதிக்கு நகராண்மைக் கழகத்தில் யார் விண்ணப்பிப்பது? கட்டும் செலவு யாருடையது? புதுக்கோயில் எழும் வரை மூலவர் எங்கே இருப்பார்? இந்தக் கேள்விகளுக்கு எங்களில் சிலருக்கு ஒரு கருத்து, வேறு சிலருக்கு வேறு கருத்து. அதை மறைக்கவில்லை. ஆனால் ஒன்றில் எல்லோருக்கும் ஒரே கருத்து. நிர்வாகத்தில் உள்ள ஏழெட்டுப் பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு முடிக்கிற காரியம் இல்லை இது. பழைய கோல குபுவை ஊர்க்காரர்களைக் கேட்காமல் மாற்றினார்கள் என்று மேலே எழுதிவிட்டு, நம் கோயிலை ஊர்க்காரர்களைக் கேட்காமல் மாற்ற முடியுமா?

அன்னதானத்துக்கு இலை போதாமல் போகும் ஊர் இது. பொதுக்கூட்டத்துக்கு மட்டும் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது. சந்தா பாக்கி இருந்தால் கூட்டத்துக்கு முன் கட்டி ஓட்டுரிமையை வைத்துக்கொள்ளுங்க. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள், அந்த ஒரு நாள் ஊருக்கு வாங்க. அம்மாமார்கள், பின்வரிசையில் நிற்காமல் முன்னால் வந்து உட்காருங்க, கேளுங்க. உங்க கூலியிலும் கட்டிய கோயில் இது. எங்கள் கருத்துக்கு எதிராக ஓட்டுப் போட வருகிறவர்களும் கட்டாயம் வாங்க. தேநீர் எல்லோருக்கும் உண்டு.

பழைய ரசீது, திருவிழா நோட்டீஸ், தோட்டக் காலத்துக் கமிட்டிப் படம் எது இருந்தாலும் கொண்டு வந்து காட்டுங்க. படி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். இந்த இடத்தில் நாம் எத்தனை காலமாக இருக்கிறோம் என்று நிலம் சம்பந்தமான பேச்சில் காட்ட அவை தேவைப்படும்.

கூட்ட நாளும் நேரமும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இந்தப் பதிவை நம் தோட்டத்து உறவுகள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கு அனுப்பி வையுங்க.

எல்லோருக்கும் அம்பாள் துணை இருக்கட்டும். கூட்டத்தில் சந்திப்போம்.

ஆலயத் தொண்டர்கள்